ஒன்பது சுற்று

கரண்டு போனது நல்லதாகப் போயிற்று. பின்தெருத் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. ஈரோட்டில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற சடக்சடக் நின்றதும் வீடு திடீரென்று பெரிதானது போல இருந்தது. அது பிடிக்கவில்லை கனகசபாபதிக்கு. சத்தம் இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி. போகட்டும், வேலைக்கு இந்த அமைதி வேண்டும். ஸ்பிரிங் எகிறி விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று காது சொல்லும். கண்ணை நம்பிப் புண்ணியமில்லை. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள், அதன்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டு, தட்டுகளில் மிஷின். முழு மிஷின் இல்லை, அதன் எலும்பும் நரம்பும். கையால் சுற்றுகிற கணக்கு மிஷின், கால்குலேட்டர் வருவதற்கு முந்திய காலத்து ஜந்து. கரண்டு கேட்காது, பேட்டரி கேட்காது. மேலே இருக்கிற நெம்புகோல்களை இழுத்து எண்ணை வைத்து வலப்பக்கக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கூட்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழிக்கும், விடை கீழே சின்னச் சின்ன ஜன்னல்களில் வந்து நிற்கும். ஆபீஸில் கழித்துக்கட்டியபோது வாங்கி வந்தது. சுலோசனா இருந்தவரை பரண்மேல் கிடந்தது, இந்த இரும்பைத் தூசி தட்டுவதற்கா நான் வாழ்க்கைப்பட்டேன் என்பாள். அவள் போன பிறகு இறக்கினார். இறக்கிச் சும்மா வைத்திருந்தார். கோதை அந்த வார்த்தையைச் சொல்லும் வரை. தனியா. தனியா எப்படிப்பா. பூனாவில் இருந்துகொண்டு மகள் போனில் கேட்கிறாள், தனியா எப்படிப்பா, இப்பத்தானே இதைக் கேட்டீங்க, மறுபடியும் கேக்கறீங்களே. எதைக் கேட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை. பேத்தியின் பரீட்சை பற்றியாக இருக்கும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்த மௌனம்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். "இங்க வந்துடுங்கப்பா" என்றாள். "மிஷினைக் கழட்டிப் போட்டிருக்கேன். பூட்டிட்டுச் சொல்றேன்" என்றார். பூட்டி முடித்ததும் அப்பா கிளம்பிவிடுவார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவர் வைத்த பந்தயமோ வேறு. படமில்லாமல், குறிப்பில்லாமல், இத்தனை உருப்படிகளையும் அதது இடத்தில் உட்கார வைக்க முடிந்தால் இந்தத் தலைக்கு ஒன்றுமில்லை. தலைக்கு ஒன்றுமில்லை என்றால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் போக வேண்டியதுதான், பூனாவில் பன்னிரண்டாவது மாடியில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தி கேட்டபடி. யாரிடமும் சொல்லவில்லை இதை. சொல்வதற்கு யார்?

"ஏனுங்கய்யா, மிக்சி நின்னு போச்சுங்க. சட்னி பாதியில கெடக்குது." சமையல்கட்டிலிருந்து ராமாத்தாள். காலையில் வந்து சமைத்து, பெருக்கி, துணி அலசிப் போட்டுவிட்டு மதியத்துக்குள் போகிறவள்.

"கிடக்கட்டும்."

"அம்மியில அரைக்கட்டுங்களா?"

"அரை. கேட்டுக்கிட்டு நிக்காதே."

அவள் கதவுவரை வந்து மேஜையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "இன்னிக்கும் இதேதானுங்களா?"

"உனக்கென்ன கஷ்டம்?"

"எனக்கென்னங்க கஷ்டம். மேஜைய யாரு தொடைக்கறது, நாந்தானே" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இன்னிக்கும் இதேதானா. இழுத்தடிக்கிறாராம். இழுத்தடிக்காமல் என்ன, வடை சுடுகிற வேலையா இது. பல் சக்கரங்கள் ஒன்பது. பார்க்க எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று போனால் மிஷின் சுற்றவே சுற்றாது, செய்தவன் ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்கென்றே அரம் போட்டு ராவியிருக்கிறான். எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது. எடுத்தார், கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார், இரண்டாவது. அடுத்ததை எடுத்தார், இது ஏழாவது, ஓரமாக வைத்தார். அடுத்தது மூன்றாவது. தண்டில் கோத்தார், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவருக்கே ஆச்சரியம். இத்தனை வருஷம் கழித்து முதல்முதலாகத் திறந்த மிஷின், சொந்த வீட்டுப் படியேறுகிற மாதிரி விரல் போகிறதே. இதற்கா கோதை மௌனம் காத்தாள்? கெட்டுப்போன தலை இப்படி வேலை செய்யுமா? ஸ்பிரிங்கைச் சாமணத்தால் பிடித்து, மூச்சை நிறுத்தி, கொக்கியில் மாட்டினார். கை நடுங்கியது, நடுங்கட்டும், நடுக்கத்துக்கு இடையில் ஒரு நொடி கிடைக்கும், அந்த நொடியில் மாட்ட வேண்டும், அதுவும் விரலுக்குத் தெரிந்திருந்தது. சக்கரங்களைப் பெட்ரோலில் முக்கிக் கழுவிய கிண்ணம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. பெட்ரோல் தெளிவாக இருந்தது. அடியில் காசளவுகூடக் கறுப்பு இல்லை. பரண்மேல் அத்தனை வருஷம் கிடந்த பிசுக்கு எங்கே போயிற்று? ஆபீஸில் நன்றாக வைத்திருந்தார்கள், அதுதான். அந்தக் காலத்து ஆட்கள் துடைத்துத்தான் உறை போடுவார்கள். எண்ணெய்ப் பாட்டிலும் பாதிக்குக் கீழே போயிருந்தது. புதிதாக வாங்கியது. ராமாத்தாள் தையல் மிஷினுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள், கேட்டால் இல்லை என்பாள், கேட்காமல் இருப்பதே மேல். அன்றைக்கு அடுப்பைக்கூட அவள்தான் எரியவிட்டுப் போனாள். பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. அவள்தான். அவள் மதியமே போய்விட்டாள், கருகியது சாயங்காலம். அதனால் என்ன? சிம்மில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினார். மேலே போனால் பெருமாள் கோயில் முக்கு வரும். வந்துவிட்டது. நாலு தெருவும் ஒரே மாதிரி, நாலிலும் வெயில், நாலிலும் ஸ்கூட்டர், எதில் தன் வீடு என்று தெரியாமல் கையில் கீரைக்கட்டோடு நின்றது. எவ்வளவு நேரம் நின்றாரோ. கீரை வாடிவிட்டிருந்தது. எதிர்வீட்டு வாத்தியார், என்ன சார் இங்க நிக்கறீங்க என்றார். இந்தக் கட்டடம் எப்போ எழுப்பினான்னு பாத்துட்டிருந்தேன் என்றார் இவர். வாத்தியாரும் சேர்ந்து கட்டடத்தைப் பார்த்தார். நல்ல வேளை அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், பின்னாலேயே நடந்துவந்து சேர்ந்தாயிற்று. வெயில். வயிற்றில் ஒன்றும் இல்லாத நேரம். எவனுக்கும் வரும். திருகை எடுத்தார். தலையில் வெட்டுப் பளபளவென்று இருந்தது, திருப்புளி நேற்றுத்தான் பட்டது போல. நல்ல எஃகு. அப்போதெல்லாம் எஃகு துருவே பிடிக்காது.

இந்த மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் முழுச்சுற்று முடிக்க வேண்டும். பாதியில் மனசு மாறித் திருப்பக் கூடாது, திருப்பினால் உள்ளே பல்லும் பல்லும் மாட்டிக்கொண்டு பூட்டிக்கொள்ளும், பிறகு கழற்றித்தான் ஆக வேண்டும். தப்பான எண்ணா? பரவாயில்லை, முடி, முடித்துவிட்டு எதிர்ச்சுற்று சுற்று. புதிதாக வருகிறவனுக்கு இருதயராஜ் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அணைக்கட்டு வடிவமைப்பு ஆபீஸ், கணக்கீட்டுப் பிரிவு, கூடத்தின் கோடியில் இரண்டு மேஜை, முதுகோடு முதுகாக. இவர் முதுகுக்குப் பின்னால் இருதயராஜ். ஒரே கணக்கு இரண்டு பேருக்கும் வரும். இவர் மிஷினில் போடுவார், அவன் லாக் புத்தகத்தை, அந்த மடக்கை அட்டவணையை, வைத்துக் கையால் போடுவான், முடிகிற வரை ஒருவன் தாளை ஒருவன் பார்க்கக் கூடாது. முடிந்ததும் நாற்காலியைத் திருப்பாமலே, "படிக்கறேன், கேளு" என்பான் இருதயராஜ். ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பான், இவர் டிக் போடுவார். இலக்கம் இடித்தால் இரண்டு பேரும் முதலிலிருந்து. தன் கணக்கைத் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனை அந்த ஆபீஸில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஆறை ஒன்பதாகப் படித்த கண், இரண்டாம் தடவையும் ஒன்பதாகத்தான் படிக்கும், இன்னும் தைரியமாகப் படிக்கும். "உன் தப்பு உனக்குப் பொண்டாட்டி மாதிரிடா சபாபதி, பழகிட்டா அழகாத் தெரியும்" என்பான். இதைச் சுலோசனாவிடம் சொல்லிச் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை, அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. இருதயராஜின் முதுகுதான் இவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் முகத்தைவிட, நாற்காலியின் பிரம்பு வழியாக வருகிற அந்த முதுகின் சூடு. முகம் வர மாட்டேன் என்கிறது. மீசை இருந்ததா? இருந்தது. இல்லை, மீசை அவன் தம்பிக்கு, இருதயராஜ் சாவுக்குப் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றானே. பெட்டிக்குள் பார்த்த முகம்கூட வரவில்லை. சுலோசனாவின் முகம் வருகிறதா என்று பார்க்கலாமா என்று ஒரு எண்ணம் தலையைத் தூக்கியது, அதை அப்படியே அமுக்கினார். ஹாலில் படம் மாட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். மூடியை எடுத்து மேலே வைத்தார். திருகுகளை மூலைக்கு ஒன்றாக முறுக்கினார், எதிரெதிர் மூலையாக, ஒரேயடியாக இறுக்காமல். முடிந்தது. தட்டு இரண்டும் காலி. தடவிப் பார்த்தார், காலி. ஒரு வாஷர்கூட மிச்சமில்லை.

கைப்பிடியைத் தொடப் பயமாக இருந்தது. இதற்குமேல் இழுத்தடிக்க ஒன்றுமில்லை. பட்டாம்பூச்சித் திருகைச் சுற்றி ஜன்னல்களை எல்லாம் பூஜ்யமாக்கினார். நெம்புகோல்களை இழுத்து எண்ணை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏழுவரை, எட்டை விட்டுவிட்டு ஒன்பது. ஆபீஸில் காலையில் உறையை எடுத்ததும் எல்லோரும் போட்டுப் பார்க்கிற எண், இதை ஒன்பது தடவை கூட்டினால் விடை முழுக்க ஒன்றாக வரும், ஒரு பல் பிசகியிருந்தாலும் அந்த இடத்தில் பூஜ்யமோ இரண்டோ நின்று காட்டிக்கொடுத்துவிடும். சுற்றினார். கைப்பிடி கனத்தது, பிறகு வழிவிட்டது, உள்ளே அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரள்கிற அந்தச் சத்தம், பல்லைக் கடித்துவிட்டு விடுகிற மாதிரி, வீட்டின் அமைதியில் பெரிதாகக் கேட்டது. இன்னொரு சுற்று. இன்னொன்று. நடுவில் எத்தனை என்று விட்டுப்போய்விடுமோ என்று பயந்து வாய்விட்டு எண்ணினார், அப்புறம் ஞாபகம் வந்தது, எண்ண வேண்டாம், சுற்றின எண்ணிக்கையை மிஷினே மேல் ஜன்னலில் காட்டும். ஒன்பது காட்டியது. கீழே பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக் குனிந்தார். ஒன்று, ஒன்று, ஒன்று. கடைசிவரை ஒன்று. அணிவகுப்பில் நிற்கிற போலீஸ்காரர்கள் மாதிரி. இடப்பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்தார், வலப்பக்கத்திலிருந்து பார்த்தார். சரி. சரியாகத்தான் இருக்கிறது. தலைக்கு ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியது, பெட்ரோல் வாடை, வேறொன்றுமில்லை. கோதையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், டிக்கெட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று. அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் இதைப் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவர்தான். கண் இரண்டாவது தடவையும் அப்படியே படிக்குமே. வேறு கண் வேண்டும்.

"ராமாத்தா!"

அவள் வேலை முடித்து முகம் கழுவியிருந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இதைப் படி. என்ன எண்ணு?"

குனிந்தாள். "எல்லாம் ஒண்ணுதானுங்க."

"நல்லாப் பாரு. ஒவ்வொண்ணா."

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு... அட ஒண்ணேதானுங்கய்யா. இது என்னைக்குமே ஒண்ணுதானுங்களே." கூடையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "மணி அடிக்கலீங்களா? நேத்து அடிச்சுக் காட்டுனீங்களே, பூஜ்யத்துல ஒண்ணக் கழிச்சா ஒம்பதா வந்து நிக்கும், மணியடிக்கும்னு."

"எந்த நேத்து?"

"நேத்துத்தானுங்க. அம்மாவாசைக்கு மொத நாளும் பூட்டிக் காட்டுனீங்க, நாங்கூடக் கை தட்டுனேன்ல. காட்டறதக் காட்டிப்போட்டு, மக்காநாளு நான் வந்து பாத்தா மறுபடி தட்டுல கெடக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் வேறு யாரோ கேட்டுவிடுவார்கள் போல. "பூட்டி முடிச்சுட்டா அம்மிணி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதானே வேணும்னே கழட்டறீங்க? எம்புருசன்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறதுங்க. ஐயா பாத்தாத்தான் முசுடு, ஆளு கில்லாடின்னு."

பெட்ரோல் கிண்ணம். பாட்டில். திருகின் தலை. எல்லாம் ஒன்றாக எழுந்து அவரைப் பார்த்தன.

"ஆமா" என்றார். "வேணும்னுதான்."

"பாத்தீங்களா!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மிணி என்கிட்டக் கேட்டாங்கன்னா இன்னும் பூட்டலீங்கன்னே சொல்லிப்போடறேன். நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க. வாரனுங்க." கூடையை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் காலால் துழாவுகிற சத்தம். பிறகு மாடிப்படி இறங்குகிற சத்தம்.

நல்ல பொய். அவரே யோசித்திருந்தாலும் இவ்வளவு நல்லதாக ஒன்று கிடைத்திருக்காது. கில்லாடி. ஊரை ஏய்க்கிற கிழவன். அந்தக் கிழவனாக இருக்கலாமே, என்ன கெட்டுப்போயிற்று, அவன் தெரிந்துதானே செய்கிறான், அவனுக்குத் தலை நன்றாக இருக்கிறது, அவனை யாரும் பூனாவுக்கு அனுப்ப முடியாது, ராமாத்தாள் வாசலில் நின்று காவல் காப்பாள். நாளைக்கு அவள் வருவாள். மிஷின் தட்டில் கிடக்கும். அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருப்பார், விரல் எப்படித் தெரிந்து போகிறது என்று அசந்துகொண்டிருப்பார், தலைக்கு ஒன்றுமில்லை என்று கண்ணில் தண்ணீர் கட்டும், கூப்பிட்டுக் காட்டுவார், அவள் கண்ணடிக்காத குறையாகச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியாது. நேற்றும் அவள் இதைச் சொல்லியிருந்தால்? நேற்றும் இவர் ஆமா வேணும்னுதான் என்று சொல்லியிருந்தால்? இல்லை, நேற்றுச் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறாள், குரலில் தெரிந்தது. தெரிந்ததா? இப்போது தெரிகிறது இது. இப்போது, இந்த நிமிஷம், கையில் சூடாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், எழுந்திருக்கும்போது இருக்குமா? எழுதி வைக்கலாம். எழுதியதை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் எழுதி என்ன பிரயோஜனம்? தேடவேண்டும் என்பதே இருக்காது. இந்த வீட்டில் இதைத் தெரிந்தவன் ஒருத்தன், அவன் இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடப் போகிறான், சொல்லிக்கொள்ளாமல். போகிறவனைப் பிடித்து நிறுத்த வெளியே ஒரு ஆள் வேண்டும். படியில் கால் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், வாசலுக்குப் போனார். இரும்புக் கம்பியைப் பற்றிக் குனிந்தார். கீழே அவள் தலையும் கூடையும் தெரிந்தன.

"ராமாத்தா. நில்லு."

நிமிர்ந்தாள். "குழம்பு ஹாட்பாக்ஸ்லதானுங்க இருக்குது."

"அதில்ல." தெருவில் எவனோ கோலமாவு விற்றுக்கொண்டு போனான், அவன் போகட்டும் என்று இருந்தார். போய்விட்டான். "வேணும்னு கழட்டலை நான்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, போவதா இருப்பதா என்று தெரியாமல். "என்னங்கய்யா?"

"கழட்டினது எனக்குத் தெரியாது. பூட்டினதும் தெரியாது. இன்னிக்குத்தான் முதல் தடவைன்னு நினைச்சேன். அன்னிக்கு அடுப்பும் நான்தான். உன்னைச் சொன்னேன், நீயில்லை."

அவள் மெல்லப் படியேறி வந்தாள். வாசலில் செருப்பை விட்டாள். அவரைத் தொடலாமா என்று ஒரு கை பாதிவரை வந்து நின்றது, பிறகு முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே மேஜைவரை கூட்டிவந்தது. அவர் தட்டிவிடவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு."

"நிக்கறனுங்க, பரவால்ல."

"உட்காருன்னா."

இத்தனை வருஷத்தில் அவள் அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாளே தவிர அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் செல்போனை எடுத்துக் கோதையின் பேரை அழுத்தி அவள் முன்னால் தள்ளினார்.

"நீ சொல்லு. எத்தனை நாளா, எப்படி எப்படி, எல்லாம். நான் சொன்னா நடுவுல மாத்திச் சொல்லிடுவேன்."

"நான் எப்படிங்கய்யா... அம்மிணி பயந்துக்குவாங்க."

"சொல்லு."

போனில் மணி போயிற்று. பின்தெருவில் கரண்டு வந்து தறிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்து, சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

"அப்பா?" என்றது போன். "அப்பா, சொல்லுங்க. பூட்டிட்டீங்களா?"

"அப்பா இல்லீங்க அம்மிணி, நானு, ராமாத்தா." அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா எதுத்தாப்பலதான் உக்காந்திருக்காருங்க."